பீரோவுக்குள் இருக்கும் சான்றிதழ்கள்

மே 6, 2024

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டது. பொறியியல் கலந்தாய்வுக்கு இன்றே பதிவும் தொடக்கம். மதியம் எங்கள் பொறியியல் கல்லூரியில் ஆசிரியர்களுக்கு அவசரக் கூட்டம் போட்டார்கள். ஆளுக்கு ஆறு அட்மிஷன், பிடித்துக்கொண்டு வராதவர்கள் சம்பளத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்றார் செயலாளர். மார்ச் சம்பளமே இன்னும் வரவில்லை. யாரும் வாய் திறக்கவில்லை. நானும்தான்.

மே 9

வருகைப் பதிவேட்டில் இன்னும் இரண்டு பெயர்கள் மேல் சிவப்புக் கோடு. முன்பெல்லாம் மெக்கானிக்கல் துறைக்கு மட்டும் ஒரு பக்கம் போதாது, 22 பேர் இருந்தோம். 2018இல் 15 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பதை 20 மாணவருக்கு ஒருவர் என்று மாற்றியதுமே நான்கு பேரை அனுப்பினார்கள். கொரோனாவில் சிலர் தாங்களாகவே போனார்கள். இப்போது ஐந்து பேர். கையெழுத்துப் போடும்போது சிவப்புக் கோடு கண்ணில் படாமல் இருக்க அடிமட்டத்தை வைத்து மறைத்துக்கொள்கிறேன்.

மே 17

மாணவர் சேர்க்க வீடு வீடாகக் கேன்வாஸ். ஒரு நாளில் 11 வீடு. கையில் எங்கள் கல்லூரியின் கலந்தாய்வுக் குறியீட்டு எண் அச்சடித்த துணிப்பை, பேனா, நோட்டீஸ். ஆறு வீட்டில் கதவே திறக்கவில்லை. "நேத்துத்தான் வேற காலேஜ்லேர்ந்து வந்துட்டுப் போனாங்க" என்றார் ஓர் அம்மா. அவர் வீட்டுத் திண்ணையில் ஏற்கெனவே நான்கு பைகள் கிடந்தன.

கடைசி வீட்டில் ஒரு பையன். கட்-ஆஃப் 118. அப்பா லேத்துப் பட்டறை வைத்திருக்கிறார். "மேடம், எனக்கு மெக்கானிக்கல்தான் வேணும்" என்றான். இந்த வாக்கியத்தைக் கேட்டு எத்தனை வருடம் ஆகிறது! ரோட்டோரம் நின்று கொஞ்ச நேரம் அழுதேன்.

மே 18

தூக்கம் வரவில்லை. அந்தப் பையனிடம் நான் எல்லாவற்றையும் சொன்னேனா? லேப் நன்றாக இருக்கும் என்று சொன்னேன். பாடம் நடத்த ஆள் இருப்போம் என்று நான் சொல்லவில்லை. அவன் கேட்கவும் இல்லை.

ஜூன் 3

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பி.இ., எம்.இ. எல்லாம் அசல் சான்றிதழ்கள். 2010 ஜூனில் வேலைக்குச் சேர்ந்த அன்று பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தது. முதல்வர் அறையில் பச்சை பீரோ, நடுத்தட்டு. பழைய முதல்வர் ஒரு முறை திறந்தபோது பார்த்தேன்.

ஜூன் 14

அந்தப் பையனும் அவன் அப்பாவும் கல்லூரியைப் பார்க்க வந்தார்கள். முன்தினம் மாலை நானும் லேப் அண்ணனுமாகப் பணிமனையைக் கூட்டி, லேத்துகளுக்கெல்லாம் எண்ணெய் போட்டோம். ஒன்றை விட்டுவிட்டோம் போல. அவர் நேராக அதனிடம்தான் போனார். பெட் எனும் அதன் அடித்தளத்தின் மேல் விரலை வைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாக இழுத்தார். விரல் நுனி செம்மண் நிறமாகிவிட்டது. எதுவும் சொல்லவில்லை. பாக்கெட்டிலிருந்து கைத்துண்டை எடுத்து அந்தப் பெட்டைத் துடைத்தார், சக் எனும் சுழலும் பிடிப்பானைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிக் காதைப் பக்கத்தில் வைத்துக் கேட்டார். "பேரிங் நல்லா இருக்கு மேடம். ஓட்டாமப் போட்டுட்டீங்க."

ஓட்ட மாணவர்கள் வேண்டுமே ஐயா. இதை அவரிடம் சொல்லவில்லை.

ஜூன் 20

சம்பளம் இல்லை.

ஜூலை 1

சான்றிதழ் கேட்டேன். எதற்கு என்றார்கள். வங்கிக் கடனுக்கு என்று பொய் சொன்னேன். அப்படியானால் ஜெராக்ஸ் தருகிறோம் என்றார்கள். வேலையை விடுவதென்றால் மூன்று மாதச் சம்பளம் கட்ட வேண்டுமாம். எனக்குத் தர வேண்டிய மூன்று மாதத்தைக் கழித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போதுதான் தோன்றியது.

ஆசிரியர்களின் அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்று தொழில்நுட்பக் கல்லூரிகளை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇ சொல்லியிருக்கிறது. தெரியும். அந்தக் காகிதத்தை நீட்டினால் மறுநாள் பதிவேட்டில் சிவப்புக் கோடு விழும் என்பதும் தெரியும்.

ஜூலை 11

ரேங்க் பட்டியல் நேற்று வந்தது. பையன் ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். மூன்றாம் சுற்றுதான் வரும். "சாய்ஸ்ல உங்க காலேஜைத்தான் முதல்ல போடுறேன் மேடம்." நான்கைந்து நல்ல கல்லூரிகளை மேலே போட்டுவிட்டு எங்களைக் கடைசியில் போடு என்று எழுதினேன். அழித்தேன். மறுபடி எழுதினேன். அனுப்பினேன். நிர்வாகத்துக்குத் தெரிந்தால் தெரியட்டும்.

ஜூலை 24

ஸ்டாஃப் ரூம் முழுக்க, ஊழலை எதிர்க்கும் அறப்போர் இயக்கம் வெளியிட்ட பட்டியல்தான் பேச்சு. 353 பேராசிரியர்கள் ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேர வேலை பார்ப்பதாகக் கணக்கு. ஒருவர் பெயர் 11 கல்லூரிகளில். பக்கத்து இருக்கை சார் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, போன இன்ஸ்பெக்ஷனில் நம் துறைப் பலகையில் இருந்த மூன்று பெயர்களை யாராவது நேரில் பார்த்தீர்களா என்று கேட்டார். யாரும் பார்த்ததில்லை.

இன்று முழுக்க மனம் கொதித்துக்கொண்டே இருக்கிறது. நின்று வகுப்பெடுக்கிறவர்களை அனுப்பிவிட்டு, வராதவர்களின் பெயரை வைத்துக் கணக்கைச் சரிக்கட்டலாம் என்றால், 14 வருடம் நான் சுண்ணாம்புக்கட்டித் தூசியைத் தின்றதற்கு என்ன பொருள்? தெர்மோடைனமிக்ஸில் பத்து முறை தோற்றுப் பதினோராவது முறை தேறிய பையன்கள் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வரச் சொல்லி அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது எந்தப் பலகையிலும் இல்லை.

ஆகஸ்ட் 2

வேலையை விட்டால் வர வேண்டிய பணிக்கொடைக்கு இரவு கணக்குப் போட்டேன். அடிப்படைச் சம்பளம் 28,000. அதை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, 14 வருடத்தால் பெருக்கினால் 2,26,000 சொச்சம். பணிக்கொடை ஆசிரியர்களுக்கும் உண்டு என்று 2009இல் சட்டத்தைத் திருத்தினார்கள், 2022இல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. சட்டம் என் பக்கம். கொடுக்கிற கையில் பணம் இருக்குமா? பி.எஃப். பாஸ்புக்கைப் பார்த்தேன். ஜனவரிக்குப் பிறகு ஒன்றும் ஏறவில்லை. சம்பளச் சீட்டில் மட்டும் மார்ச் வரை பிடித்திருக்கிறார்கள்.

அவர் விளக்கை அணைக்கச் சொன்னார். அணைத்துவிட்டு ஃபோன் வெளிச்சத்தில் மறுபடி போட்டேன். அதே தொகை.

ஆகஸ்ட் 14

முதல் சுற்றில் எங்கள் துறைக்கு ஒருவரும் இல்லை. இந்த ஆண்டு முதல் பெரிய கல்லூரிகள் கம்ப்யூட்டர் சயின்ஸில் இடங்களைக் கூட்டிக்கொள்ளலாம், உச்சவரம்பு கிடையாது. மொத்தப் பிள்ளைகளையும் அங்கேயே வாரிக்கொள்வார்கள்.

ஆகஸ்ட் 15

கொடியேற்றம். மைதானத்தில் மாணவர்களைவிடக் காலி நாற்காலிகள் அதிகம். இருந்தாலும் பாட்டு நன்றாகப் பாடினார்கள்.

செப்டம்பர் 4

மூன்று சுற்றும் முடிந்தன. 60 இடத்துக்கு நான்கு பேர். நான்கில் ஒருவன் அவன். மேலே போடச் சொன்ன கல்லூரிகளைப் போட்டானா என்று கேட்டேன். "போட்டேன் மேடம், மெக்கானிக்கல் இல்லாத காலேஜ் எதுக்குன்னு அப்பா சொன்னாரு, எடுத்துட்டேன்."

செப்டம்பர் 9

நான்கு பேரை வைத்துத் துறையை நடத்த முடியாது, வேறு பிரிவுக்கு மாற்றப் போகிறார்கள் என்று ஒரு பேச்சு. அடுத்த ஆண்டு முதலாம் ஆண்டே கிடையாது, படிப்படியாக மூடப் போகிறார்கள் என்று இன்னொரு பேச்சு. எது உண்மை என்று முதல்வருக்கே தெரியவில்லை. அவரும் வேறு இடம் தேடுகிறாராம்.

செப்டம்பர் 12

சாயங்காலம் அலுவலகத்திலிருந்து ஃபோன். "மேடம், நாளைக்கு வந்து உங்க ஒரிஜினல்ஸ வாங்கிக்கோங்க. கையெழுத்து மட்டும் போட வேண்டியிருக்கும்." எதில் கையெழுத்து என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார்கள்.

அப்புறம் பையனின் மெசேஜ். "மேடம், கிராபிக்ஸ் கிளாஸுக்கு டிராஃப்டர் புதுசா வாங்கணுமா? பழசு இருந்தாப் போதுமா?"

வரைபடம் போடுகிற என்னுடைய டிராஃப்டர் பரண்மேல் இருக்கிறது. நாளை எடுத்துத் துடைத்து