துலிட்டாவில் நிலக்கரி மாதிரி எடுத்த அனுபவம்

கனடாவின் வடமேற்கு நிலப்பகுதியில், கிரேட் பேர் ஏரியிலிருந்து வரும் ஆறு மெக்கன்சி ஆற்றில் கலக்கிற இடத்தில் இருக்கிறது துலிட்டா. கோடையில் போக விமானம் அல்லது படகுதான். ஆனால் நிலக்கரியைத் தேட வேண்டிய அவசியமே இல்லை, ஆற்றங்கரையில் புகைகிறது.

1789 ஆகஸ்டில் இந்த ஆற்றில் பயணித்த அலெக்சாண்டர் மெக்கன்சி அந்தப் புகையைப் பார்த்து, யாரோ தங்கியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தார். கிட்டே போனால் கந்தக நாற்றம், கரையே எரிந்துகொண்டிருந்தது. பழைய முகாமின் நெருப்பு பற்றியிருக்கும் என்று எழுதினார். எனக்கு அது ஒப்பவில்லை. கரை சரிந்து புதுக் கரி காற்றில் பட்டால், பழுப்பு நிலக்கரி என்கிற இந்த ரகம் தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும். யமோரியா என்ற புராண வீரன் சமைத்த ராட்சத பீவர்களின் (ஆற்றில் அணை கட்டும் விலங்கு) கொழுப்பு சொட்டி எரிகிறது என்பது இங்குள்ள பழங்குடிகளான டெனே மக்களின் கதை. படகோட்டி அதைச் சொன்னபோது நான் மறுபேச்சுப் பேசவில்லை.

முதலில் ஆராய்ச்சி உரிமம். அரோரா ஆராய்ச்சி நிறுவனத்துக்கு விண்ணப்பம் போட்டால், அது உள்ளூர் அமைப்புகளின் கருத்துக்குப் போகும். பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

உண்மையான வேலை கரையில். வெளுத்துப்போன மேல்பரப்பைக் கொத்தியெடுத்து, படிவின் உச்சியிலிருந்து அடிவரை ஒரே அகலத்தில், ஒரே ஆழத்தில் வெட்டிக்கொண்டே இறங்கி, விழுவதையெல்லாம் தார்ப்பாயில் பிடிக்க வேண்டும். கை பளபளக்கும் துண்டுகளைத்தான் தேடும். அப்படிப் பொறுக்கினால் ஆய்வகத்தில் சாம்பல் குறைவாக வந்து நம்மை ஏமாற்றும். எடுத்ததை உடனே இரட்டைப் பையில் போட்டு, காற்றுப் புகாமல் ஒட்டிவிட வேண்டும். மர ரேகை தெரிந்த ஒரு துண்டைப் பாறைமேல் வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். எழுந்து பார்த்தால் குறுக்கும் நெடுக்குமாக வெடித்திருந்தது. பழுப்பு நிலக்கரியில் ஈரம் அவ்வளவு. பை சரியாக மூடவில்லையென்றால் ஈரப்பத அளவும், வெப்ப மதிப்பும் (எரித்தால் கிடைக்கும் வெப்பம்) இரண்டுமே தப்பாகிவிடும்.

அறிக்கை வந்தது: ஈரம் அதிகம், வெப்பம் குறைவு. ஆச்சரியமில்லை. ஆர்க்டிக் பயணி ஜான் ஃபிராங்க்ளின் 1825-இல் கிரேட் பேர் ஏரிக்கரையில் குளிர்காலத்தைக் கழித்தபோது, அவருடைய கொல்லருக்கும் இந்தக் கரியை மட்டும் வைத்து இரும்பை ஒட்டவைக்க முடியவில்லை. மரக்கரி கலந்தபிறகுதான் வேலை நடந்தது, நாற்றத்தோடு.