மெரினா வளாகத்தில் முதுகலை

1857-இல் தொடங்கப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தில் முதுகலைத் தமிழ் படிக்கச் சேர்ந்த முதல் வாரம், இத்தனை பெரிய இடத்தில் என்னை யார் கவனிக்கப் போகிறார்கள் என்ற தயக்கம் எனக்கு இருந்தது. ஆனால் கடற்கரை எதிரே உள்ள மெரினா வளாகத்தில் எங்கள் வகுப்பு சிறியது. வராதவர் யார் என்பதை ஆசிரியர் வருகைப் பதிவேட்டைத் திறக்காமலே சொல்லிவிடுவார். இளங்கலையில் குறிப்புகளை மனப்பாடம் செய்தே பழகிய நான், இங்கே ஒரே ஒரு சொல்லின் பொருளுக்காக, இதே பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகனை நூலகத்தில் மணிக்கணக்கில் புரட்டினேன். படிப்பு என்றால் என்னவென்று எனக்குப் பிடிபட்டது அந்த மேசையில்தான். ஆய்வேட்டின் முதல் இயலை நெறியாளர் திருப்பித் தந்தபோது, பக்க ஓரமெங்கும் பென்சிலால் ‘சான்று எங்கே?’ என்று எழுதியிருந்தார். அன்று மனம் வாடினாலும், மறுநாள் நூலகம் திறக்கும் முன்பே வாசலில் போய் நின்றேன்.