42 தேவைகளில் இல்லாத ஒரு வரி

கோத்தகிரி வட்டாரத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றுக்காக நாங்கள் மென்பொருள் செய்ய ஒப்புக்கொண்டபோது, கையெழுத்தான ஒப்பந்தத்தில் 42 தேவைகள் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. இலை எடை, விவசாயிகளின் தனிக்கணக்கு, உரத்துக்கும் முன்பணத்துக்குமான பிடித்தம், மாதப் பட்டுவாடா, வங்கிக்கு அனுப்பும் கோப்பு என எதுவும் விடுபடவில்லை என்றே நம்பினோம். மழையில் நனைந்து வரும் கொழுந்துக்கு எடையில் எவ்வளவு கழிப்பது, அதை யார் முடிவு செய்வது என்பது பற்றி மட்டும் அதில் ஒரு வரியும் இல்லை. இல்லாத அந்த வரியைக் கண்டுகொள்ள எங்களுக்கு மூன்று மாதங்கள் ஆயின.

நான் கோயம்புத்தூரில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் திட்ட மேலாளராக இருக்கிறேன். மென்பொருளைச் சிறு சிறு பகுதிகளாகச் செய்து, அவ்வப்போது வாடிக்கையாளரிடம் காட்டித் திருத்திக்கொண்டே போகும் அஜைல் முறையை நாங்கள் அரைகுறையாகப் பின்பற்றவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு சுற்று, காலையில் பதினைந்து நிமிட நின்றபடிக் கூட்டம், சுற்று முடியும்போது தொழிற்சாலையின் கணக்குப் பிரிவோடு காணொளியில் மீளாய்வு என எல்லாம் ஒழுங்காக நடந்தன. ஆறு சுற்றுகளிலும் அவர்கள் ஆட்சேபம் எதுவும் சொல்லவில்லை. ஆட்சேபம் வராததையே திருப்தி என்று எடுத்துக்கொண்டோம். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து ஸ்னோபேர்டில் கூடிய 17 மென்பொருளாளர்கள் எழுதிய அஜைல் பிரகடனம், ஒப்பந்தப் பேச்சைவிட வாடிக்கையாளரோடு சேர்ந்து உழைப்பதை மேலாக வைக்கிறது. புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் நானே அதை விளக்கியிருக்கிறேன். ஆனால் இந்தத் திட்டத்தில் வாடிக்கையாளர் யார் என்ற கேள்வியை ஒரு நாளும் நான் கேட்டுக்கொள்ளவில்லை; பணம் தருபவர் யாரோ அவரே வாடிக்கையாளர் என்று இருந்துவிட்டேன்.

நீலகிரியில் இந்தக் கேள்விக்கு எளிதில் விடை சொல்ல முடியாது. சொந்தத் தோட்டம் இல்லாத இத்தகைய தொழிற்சாலைகள், சில ஏக்கர் அல்லது அதற்கும் குறைவாக வைத்திருக்கும் சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலையை வாங்கியே ஓடுகின்றன. ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு நான்கு கிலோவுக்கு மேல் பச்சை இலை வேண்டும். ஏலத்தில் கிடைக்கும் சராசரி விலையில் 65 விழுக்காடு விவசாயிக்கும் 35 விழுக்காடு தொழிற்சாலைக்கும் சேர வேண்டும் என்ற பங்கீட்டை ஒட்டித் தேயிலை வாரியம் மாதந்தோறும் இலை விலையை அறிவிக்கிறது. ஏலத்தில் வாங்குபவர்தான் தொழிற்சாலையின் வாடிக்கையாளர் என்று கணக்கேடு சொல்லும். ஆனால் அறிவிக்கப்பட்ட விலை பெரும்பாலும் ஒன்றுபோல் இருக்கும்போது, நல்ல கொழுந்து வைத்திருக்கும் விவசாயி இந்தக் கொட்டகையில் எடை போடுவதா, சாலைக்கு அப்பால் உள்ள இன்னொரு தொழிற்சாலையின் கொட்டகையில் போடுவதா என்பதை நம்பிக்கையை வைத்தே முடிவு செய்கிறார். அவரை விட்டுவிட்டால் இயந்திரங்களுக்கு இரை இல்லை. விற்பவராகக் கணக்கில் எழுதப்பட்டிருக்கும் அவரை வாடிக்கையாளராக நடத்துவதுதான் அந்தத் தொழிற்சாலையின் வியாபார உத்தியே என்று இன்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

இதை எனக்குப் புரியவைத்தது ஒரு நவம்பர் மாத மாலை. வடகிழக்குப் பருவமழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. ஒரு ஹட்டியின், அதாவது படுகர் கிராமத்தின், முனையில் இருந்த கொள்முதல் கொட்டகையில், எங்கள் செயலி ஓடும் கைபேசியோடு நின்றிருந்தேன். எடை போட்டவுடன் விவசாயியின் எண்ணுக்குக் குறுஞ்செய்தி போகும். அதை எங்கள் பெரிய சாதனையாக நினைத்திருந்தோம். தலையில் சுமந்து வந்த மூட்டையை இறக்கிய ஒரு மூதாட்டியிடம், எடை இனி அவருடைய கைபேசிக்கே வந்துவிடும் என்று விளக்கினேன்.

"எவ்வளவு எடைன்னு எனக்குத் தெரியாதா தம்பி, சுமந்துகிட்டு வந்ததே நான்தானே? எவ்வளவு கழிச்சாங்கன்னு சொல்லு" என்றார்.

எடை போடுபவர் சாக்குக்கும் ஈரத்துக்குமாக மனத்துக்குள்ளேயே கழித்து, மிஞ்சிய எண்ணை மட்டும் எங்கள் திரையில் பதிந்துகொண்டிருந்தார். கழிப்பதற்கென்று ஒரு கட்டத்தை நாங்கள் அமைக்காததால் அவருக்கு வேறு வழியும் இல்லை. அவர் நேர்மையற்றவர் அல்லர். அங்கே நின்ற இரண்டு மணி நேரத்தில் அதை நான் கண்ணால் கண்டேன். ஆயினும் எவரும் பார்க்க முடியாத கழிவு எவருக்கும் சந்தேகத்தையே தரும். மேலும், பள்ளத்தில் இருக்கும் அந்த ஹட்டியில் சிக்னல் கிடைக்காததால், நாங்கள் பெருமைப்பட்ட குறுஞ்செய்தி பலருக்கு இரவில்தான் போய்ச் சேர்ந்தது.

அடுத்த வாரமே தொழிற்சாலை உரிமையாளரைச் சந்தித்து, 42 தேவைகளின் வரிசையைக் கைவிடலாமா என்று கேட்டேன். இது எளிதாக இருக்கவில்லை. ஒப்பந்தத்தில் உள்ளதைச் செய்தால்தான் பில் போட முடியும் என்று என் நிறுவனத்தில் கவலைப்பட்டார்கள். கேட்டது கிடைக்காமல் போய்விடுமோ என்று உரிமையாளர் கவலைப்பட்டார். இரண்டு கவலைகளும் நியாயமானவை. ஆகவே தேவைகளின் எண்ணிக்கைக்கு அல்லாமல் ஒவ்வொரு இரண்டு வார உழைப்புக்கும் பணம் என்றும், எந்தச் சுற்றின் முடிவிலும் அவர் நிறுத்திக்கொள்ளலாம் என்றும் ஒப்பந்தத்தைத் திருத்தினோம். வாடிக்கையாளருக்கு முதலிடம் என்று வாயால் சொல்வதற்கும், நமக்குப் பாதுகாப்பாக இருந்த ஒரு தாளை நாமே விட்டுக்கொடுப்பதற்கும் உள்ள தொலைவை அன்றைக்குத்தான் உணர்ந்தேன். மீளாய்வுக் கூட்டத்தையும் காணொளியிலிருந்து கொட்டகைக்கு மாற்றிக்கொண்டோம். நிரல் எழுதும் இருவர் முறைவைத்து கோவையிலிருந்து மலையேறினார்கள்.

மொத்த எடை, சாக்கு, ஈரம், நிகர எடை ஆகிய நான்கும் தமிழில் அச்சாகும் ஒரு துண்டுச் சீட்டுதான் முதலில் செய்யப்பட்டது. இணையம் இல்லாவிட்டாலும் அது அச்சாகும். கணக்கு பிறகு போய்ச் சேர்ந்துகொள்ளும். எல்லாக் கொட்டகைகளுக்கும் ஒரே நாளில் கொடுக்காமல் அந்த ஒரு கொட்டகைக்கு மட்டும் கொடுத்தோம், அது நல்லதாயிற்று. கொழுந்து மிகுந்து வந்த ஒரு நாளில், ஒவ்வொரு மூட்டைக்கும் நான்கு முறை திரையைத் தொட வேண்டியிருந்ததால் வரிசை சாலைவரை நீண்டுவிட்டது. அமுக்கிக் கட்டிய சாக்கில் பச்சை இலை நேரம் கடந்து இருந்தால் சூடேறிச் சிவந்துவிடும். தூளின் தரமும் அதோடு போய்விடும். எடை போடுபவர் கைபேசியை ஓரமாக வைத்துவிட்டு நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். நாங்கள் அவரிடம் வாதாடவில்லை. அன்று மாலையே புதிய திரையைத் திரும்பப் பெற்று, சாக்கின் எடையை முன்கூட்டியே நிரப்பி, ஈரத்துக்கு மட்டும் ஒரு தொடுதல் என்று குறைத்து, நான்காம் நாள் மறுபடி கொடுத்தோம். விரைந்து செய்வதைத்தான் அஜைலின் பலமாகப் பலரும் பேசுகிறார்கள். தவறு சிறியதாக இருக்கும்போதே பின்வாங்க முடிவதுதான் அதன் பெரிய பலம் என்பது என் அனுபவம்.

எடை போடுபவரைப் பற்றி இன்னும் சிறிது சொல்ல வேண்டும். கழிவு அச்சில் வந்தவுடன் அவருடைய சுதந்திரம் குறைந்தது. துக்கம் நடந்த வீட்டின் இலைக்கு ஈரம் பார்க்காமல் விடுவது, வயதானவர்களுக்கு ஒரு கிலோ குறைத்துக் கழிப்பது போன்ற சிறு கருணைகளும் அந்தச் சுதந்திரத்துக்குள்தான் இருந்தன. விதியை எழுதினால் அவை அழிந்துவிடும் என்று அவர் வருந்தியபோது என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. முடிவில், ஈரக் கழிவுக்கு உச்ச வரம்பை மட்டும் வைத்தோம். கீழே எவ்வளவு குறைக்கலாம் என்பதை அவரிடமே விட்டோம். உரிமையாளரும் அதற்குச் சம்மதித்தார்.

இப்போது எல்லாக் கொட்டகைகளிலும் சீட்டு அச்சாகிறது. பழைய 42 தேவைகளில் 15 செய்யப்படவே இல்லை. அவற்றைக் கேட்டு இதுவரை யாரும் வரவில்லை. விவசாயிகள் கேட்பது வேறொன்று: அன்றைய இலைக்கு என்ன பணம் என்பதையும் சீட்டில் போடச் சொல்கிறார்கள். விலை ஏலத்தின் மாதச் சராசரியிலிருந்து வருவதால், எடை போடும் நேரத்தில் அது எவருக்கும் தெரியாது. போன மாத விலையை அச்சிட்டால் அதையே வாக்குறுதியாக எடுத்துக்கொள்வார்கள். அச்சிடாமல் விட்டால் கேள்விக்குப் பதில் இல்லை. அடுத்த சுற்றின் பட்டியலில் இதை முதல் வரியாக எழுதியிருக்கிறோம். வரும் திங்கட்கிழமை, அந்த மூதாட்டி வரும் நேரத்துக்கு, இரண்டு விதமான சீட்டுகளையும் கையில் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போகிறேன்.