வேட்டி கட்ட இருபது நிமிடம்

ஜூன் 12, 2025, வியாழன்

புது வீடு. கும்பகோணத்துக்குக் கிழக்கே, அரசலாற்றங்கரை ஊர். ஐயாவுக்கு 74 வயது, பார்க்கின்சன் என்ற நரம்பு நோய். மகன் சிங்கப்பூரில், வீட்டில் அம்மாவும் மருமகளும். ஐயாவைப் பார்த்துக்கொள்வது மட்டும்தான் என் வேலை என்று முதலிலேயே பேசிவிட்டேன். பேசாமல் சேர்ந்தால் இரண்டாம் நாள் ரேஷன் கடைக்குப் போகச் சொல்வார்கள், மூன்றாம் நாள் மாட்டைப் பிடித்துக் கட்டச் சொல்வார்கள்.

டிவியில் மேட்டூர் அணை திறப்பைக் காட்டினார்கள். ஐயா முகத்தில் அசைவே இல்லை. "எதுக்குமே சந்தோஷப்பட மாட்டேங்கிறார்" என்றார் அம்மா. முகத் தசையையே இறுக்கிவிடுகிற நோய் இது. உள்ளே இருப்பது முகத்துக்கு வராது. குரலும் தணிந்துவிடும். கிட்டப் போய்க் காது கொடுத்தேன். "கல்லணையை ஞாயித்துக்கிழமை தொறந்துருவான்" என்றார்.

ஜூன் 19

இந்த நோய்க்குக் கொடுக்கிற லெவோடோபா மாத்திரையை இத்தனை நாள் காலைப் பாலோடு கொடுத்து வந்திருக்கிறார்கள். பால், பருப்பு, முட்டை எல்லாவற்றிலும் இருக்கிற புரதம் குடலில் இந்த மருந்தோடு முட்டிக்கொள்ளும், மருந்து சரியாக ஏறாது. டாக்டரிடம் போனில் கேட்டுக்கொண்டு மாற்றினோம். முதலில் வெறும் தண்ணீரில் மாத்திரை, அரை மணி கழித்துத்தான் மற்றதெல்லாம். இன்று கை கொஞ்சம் லேசாக இருக்கிறது என்று அவரே சொன்னார்.

ஜூன் 21

சமையலறை வாசலில் ஐயாவின் கால் தரையோடு ஒட்டிக்கொள்கிறது. மருமகள் பதறிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தார். உடம்பு முன்னால் சாய்ந்தது, கால் நின்ற இடத்திலேயே நின்றது. இப்படித்தான் விழுகிறார்கள். "இழுக்காதீங்க அக்கா" என்றேன்.

யோசிக்காமல் தானாக நடக்கிறோமே, அந்த நடைதான் இந்த நோயில் போகிறது. ஒன்றைத் தாண்ட வேண்டும் என்று நினைத்துக் காலைத் தூக்கச் சொன்னால் பல பேருக்குக் கால் வந்துவிடும். தரையில் குறுக்குக் கோடுகளாக மஞ்சள் டேப் ஒட்டினேன். "ஐயா, வரப்பு. தாண்டுங்க." தாண்டினார்! வாழ்நாள் முழுக்க வரப்பில் நடந்த கால் அல்லவா. திரும்பும்போது நின்ற இடத்திலேயே சுற்றக் கூடாது, மாட்டுவண்டியைத் திருப்புவது போல அகலமாக வளைந்து வர வேண்டும். இதை அவருக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஜூலை 3

மலச்சிக்கல். கீரை, கொய்யா, தண்ணீர். இந்த வேலையில் பாதி நாள் இதிலேயே போகிறது, யாரும் வெளியே சொல்வதில்லை.

ஜூலை 9

ஐயா தானே வேட்டி கட்ட இருபது நிமிடம் ஆகிறது. நான் பக்கத்தில் நிற்கிறேன், அவ்வளவுதான். வந்திருந்த உறவுக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, "சும்மா நின்னு வேடிக்கை பார்க்கிறதுக்கா சம்பளம்?" என்றார். அரை நிமிடத்தில் என்னால் கட்டிவிட முடியும். தினமும் நானே கட்டிவிட்டால் அந்தக் கைக்கு இருக்கிற பழக்கமும் விட்டுப்போகும். அவரிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன், ஏறவில்லை. உண்மையில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் எனக்குக் கஷ்டமான வேலை. மலத்தைத் துடைப்பதெல்லாம் பழகிவிட்டது.

ஒட்டிக்கொள்ளும் வேட்டி வாங்கலாமா என்று மருமகள் கேட்டார். "அது கல்யாணத்துல சின்னப் பசங்க கட்டுறது" என்று ஐயா மறுத்துவிட்டார்.

ஜூலை 18

வங்கியில் கையெழுத்து ஒத்துவரவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். இந்த நோயில் எழுத்து போகப் போகச் சிறுத்துவிடும். கடைசியில் கைநாட்டு வைக்கச் சொன்னார்கள். எஸ்எஸ்எல்சி வரை படித்த மனிதர், வரும் வழியெல்லாம் பேசவில்லை. சாயங்காலம் நாலு கோடு நோட்டு வாங்கி வந்து, கோட்டைத் தொடும்படி பெரிதாக எழுதச் சொன்னேன். 'ஆடுதுறை 36' என்று எழுதினார். குறுவை நெல் ரகம்.

ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு

கூட்டத்தில் வேண்டாம் என்றார் அம்மா. மருந்து நன்றாக வேலை செய்கிற நேரம் பார்த்து, காலையிலேயே ஆட்டோவில் கூட்டிப்போனேன். படித்துறையில் இறங்கவில்லை, மேலேயே நாற்காலி போட்டுக்கொண்டோம். காப்பரிசி கொடுக்கலாமா என்று மருமகள் கேட்டார். கொஞ்சமாக, நன்றாக ஊறியதை, தாடையைத் தாழ்த்தி விழுங்கச் சொல்லிக் கொடுத்தோம்.

திரும்பி வரும்போது மருந்தின் வேகம் குறைந்துவிட்டது. ஆட்டோவை விட்டு இறங்கிய ஐயா வாசலில் அப்படியே நின்றுவிட்டார். "தூக்கி விட்டுடலாமா அண்ணே?" என்று ஆட்டோக்காரர் அவசரப்பட்டார். ஐயா என் பக்கம் திரும்பி, "டேப் இருக்கா தம்பி?" என்றார். இல்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து அவர் காலுக்கு முன்னால் குறுக்கே போட்டேன். தாண்டிவிட்டார். பண்டிகைக்கு எடுத்த புதுத் துண்டைத் தெரு மண்ணில் போட்டுவிட்டேன் என்று அம்மாவுக்குத்தான் கோபம்.