ஏழு சொல்லுக்குள் ஒரு துகள்

மூன்று மாதமாகத் துகள் இயற்பியலை வைத்துக் குறுங்கவிதைகள் எழுதிப் பார்க்கிறேன். இதுவரை பதினொன்று தேறியிருக்கின்றன. குறளுக்கு ஏழு சீர் போதும் என்றால் எனக்கும் ஏழு சொல் போதும். தலைப்பு கணக்கில் வராது. இன்னொரு விதி, சொல்வது இயற்பியல்படி சரியாக இருக்க வேண்டும். அழகாக இருந்தாலும் தப்பென்றால் அடித்துவிட வேண்டும்.

இரண்டாவது விதிதான் பாடாய்ப் படுத்தியது. அநேகமாக எதிலும் மோதாமல் ஊடுருவிப் போகும் நுண்துகளான நியூட்ரினோவுக்கு முதலில் எழுதியது, ‘நிறையில்லை, நிழலில்லை, நில்லாமல் போகிறது’. மோனை தானாக வந்து விழுந்ததில் இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தேன். அப்புறம்தான் உறைத்தது: நியூட்ரினோவுக்கு நிறை உண்டு. மிகச் சிறியது, ஆனால் உண்டு. 1998இல் ஜப்பானின் சூப்பர் கமியோகாண்டே ஆய்வு அதைக் காட்டிவிட்டது. அடித்தேன். சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் நம் கட்டைவிரல் நகத்தின் வழியே நொடிக்குப் பல ஆயிரம் கோடி போகின்றன. பூமியே அவற்றுக்குத் தடையில்லை, அதனால் இரவிலும் வருகின்றன, கீழிருந்து. அதை நினைத்துக்கொண்டு மொட்டை மாடியில் நின்றபோது வந்தது இது:

பகலில் உச்சந்தலையில்
இரவில் உள்ளங்காலில்
அதே சூரியன்

எலக்ட்ரானின் கனத்த உறவுக்காரத் துகளான மியூவான் சுலபமாக வந்தது. காற்றுமண்டலத்தின் மேலே, சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில் பிறக்கிறது. ஆயுள் சராசரியாக 2.2 மைக்ரோநொடி. ஒளியின் வேகத்திலேயே ஓடினாலும் அதற்குள் 660 மீட்டர்தான் போக முடியும். ஆனால் அவ்வளவு வேகத்தில் ஓடுவதால் நம் கடிகாரத்துக்கு அதன் ஆயுள் நீண்டுவிடுகிறது, தரை வரை வந்து சேர்கிறது.

வழியிலேயே முடியவேண்டிய ஆயுள்
உள்ளங்கை வரை
வந்துவிட்டது

இந்த மியூவான் மழையில் நியூட்ரினோவின் அரிய தடயம் மறைந்துபோகும். அதற்கு ஒதுங்கத்தான் நியூட்ரினோவைத் தேடுபவர்கள் பூமிக்குள் இறங்குகிறார்கள். கோலார் தங்கவயலில் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே, 1965இல், காற்றுமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் தடயம் கிடைத்தது. துகள் கடந்தால் பளிச்சென்று ஒளிரும் நியான் குழாய்களை அங்கே அடுக்கியிருந்தார்கள். அதனால் இதில் கடைசிச் சொல் உவமை இல்லை, நடந்ததுதான்:

தங்கம் எடுத்த குழியில்
இன்னொன்று
மின்னியது

எனக்கு ரொம்பப் பிடித்தது குவார்க், புரோட்டானுக்கும் நியூட்ரானுக்கும் உள்ளே இருக்கும் துகள். ஒரு குவார்க்கையும் அதன் எதிர்க்குவார்க்கையும் பிரிக்கப் பார்த்தால், இழுக்கச் செலவாகும் ஆற்றலிலிருந்தே புதிதாக இன்னொரு ஜோடி பிறந்து ஆளுக்கொன்றாக ஒட்டிக்கொள்கிறது. தனியாக ஒன்று கையில் வராது. நான்கே சொல்:

பிரிக்க இழுத்தேன்
இரண்டு ஜோடி

அடிப்படைத் துகள்களுக்கு நிறை தரும் புலத்தின் துகளான ஹிக்ஸ் மட்டும் இன்னும் வசப்படவில்லை. எதை எழுதினாலும் தத்துவமாகப் போய்விடுகிறது, பத்துப் பன்னிரண்டு வரைவு கிழித்தாயிற்று. ஹிக்ஸ் புலம் எங்கும் இருக்கிறது, ஒன்றுமே இல்லாத இடத்திலும். சரி, அங்கிருந்து தொடங்கலாம் என்று நேற்று உட்கார்ந்தேன். நோட்டில் இப்போதைக்கு ‘வெற்றிடம் கூட’ என்ற இரண்டு சொல் நிற்கிறது. அடுத்து வர வேண்டியது ஒரு வினைச்சொல்.