பாரிடோனுக்குப் பார்ட் கிடையாது

குரல் உடைந்து ஓராண்டுகூட ஆகாத 16 வயதில் எங்கள் தேவாலயப் பாடகர் குழுவில் சேர்ந்தபோது, ஆண்களின் உயர்ந்த குரல் பாடும் டெனரில் ஆள் குறைவு என்ற ஒரே காரணத்திற்காக என்னை அந்த வரிசையில் நிறுத்தினார்கள். அதன்பின் 20 ஆண்டுகள் நான் டெனர் என்றே நம்பியிருந்தேன். கேரல் ஆராதனை நெருங்கும் டிசம்பர்தோறும் தொண்டை கட்டிக்கொள்வதற்கு மார்கழிப் பனியின்மேல் பழி போட்டுவந்தேன்.

சென்ற ஆண்டு பொறுப்பேற்ற பயிற்றுநர், எங்களை ஒவ்வொருவராகக் கீபோர்டின் அருகே அழைத்து, கட்டைகளின் நடுவில் இருக்கும் சி ஸ்வரத்திலிருந்து (நடு சி) அரை அரை ஸ்வரமாக இறங்கவும் பிறகு ஏறவும் சொன்னார். கீழே ஜி வரை என் குரல் தடிப்பாக நின்றது. எஃப்-இல் காற்றுதான் வந்தது. ஏறும்போது நடு சி-க்கு மேலுள்ள ஈ-யைத் தாண்டியதும் என் தாடை தானாக முன்னே நீண்டது. அவர் கட்டைகளிலிருந்து கையை எடுத்துவிட்டு, “தம்பி, நீங்க டெனரும் இல்ல, பேஸும் இல்ல. பாரிடோன்” என்றார். அப்படியானால் எந்தப் பார்ட்டைப் பாடுவது என்று கேட்டேன். “அதுக்குத்தான் பார்ட்டே கிடையாதே!”

நான்கு பார்ட் இசையின் விசித்திரம் இதுதான். ஆண்களில் பெரும்பாலோரின் இயல்பான குரல், உயர்ந்த டெனருக்கும் தாழ்ந்த பேஸுக்கும் இடைப்பட்ட பாரிடோன். பெண்களில் பெரும்பாலோருக்கு, உயர்ந்த சோப்ரானோவுக்கும் தாழ்ந்த ஆல்ட்டோவுக்கும் இடைப்பட்ட மெஸ்ஸோ சோப்ரானோ. ஆனால் தாளில் இருப்பவை சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்ற நான்கு வரிகள் மட்டுமே என்பதால், நடுவில் நிற்கும் கூட்டம் முழுவதும் மேலேயோ கீழேயோ ஒதுங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஒரு ஸ்வரத்தைத் தொட முடிவதால் மட்டும் குரல் வகை அமைந்துவிடாது. தொடுவது வேறு, அங்கே குடியிருப்பது வேறு. குழுவின் டெனர் தொட வேண்டிய உச்சமான ஏ, 440 ஹெர்ட்ஸ். ஆர்கெஸ்ட்ராவில் (கல்யாண வீட்டு மெல்லிசைக் குழுவைச் சொல்லவில்லை) சுருதி சேர்ப்பதற்காக ஓபோ என்ற ஊதுகருவி ஒலிக்கும் அதே ஏ. நல்ல நாளில் அதை நானும் எட்டிவிடுவேன். ஆனால் டெனர் வரி பெரும்பாலும் உலவுவது நடு சி-க்கும் அதற்கு மேலுள்ள எஃப்-க்கும் இடையில். பாரிடோன் குரல் நெஞ்சிலிருந்து தலைக்கு மாறத் தடுமாறும் இடமும் ஏறத்தாழ அதுவேதான். ஸ்வரங்களை தோ, ரே, மி என்று எழுத்தில் குறிக்கும், நாங்கள் படித்த டோனிக் சோல்ஃபா புத்தகத்தில் எந்தச் சுருதியானாலும் தோ தோ-வாகவே இருப்பதால், பாட்டின் உயரம் கண்ணுக்குத் தெரியாது, தொண்டைக்குத்தான் தெரியும்.

பெயர்களின் கதை இன்னும் வேடிக்கையானது. டெனர் என்ற சொல்லுக்கு வேர், ‘பிடித்திரு’ என்று பொருள்படும் லத்தீன் வினை. இடைக்கால ஐரோப்பிய தேவாலய இசையில் மூலப் பாட்டை நீண்ட ஸ்வரங்களாகப் பிடித்து நின்ற வரியே டெனர். அதற்கு எதிராக அமைந்த கான்ட்ராடெனர் 15ஆம் நூற்றாண்டில் மேல், கீழ் என இரண்டாகப் பிரிந்தது. மேலது ஆல்ட்டோவாகவும் கீழது பேஸாகவும் ஆயின. ஆல்ட்டோ என்றால் ‘உயர்ந்தது’. ஆண்கள் பாடிய காலத்தில் அது உயரம்தான். பெண்களிடம் வந்தபோது அதுவே அவர்களுடைய தாழ்ந்த பார்ட் ஆகிவிட்டது. பாரிடோனுக்குச் சரியான மரியாதை கிடைக்க 19ஆம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1851இல் இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டி தம் ‘ரிகலெட்டோ’ ஓபராவின் (இசை நாடகத்தின்) தலைப்புப் பாத்திரத்தையே அந்தக் குரலுக்கு எழுதினார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1846இல், அடால்ஃப் சாக்ஸ் காப்புரிமை பெற்ற சாக்ஸஃபோன் குடும்பத்தில் ஆல்ட்டோ, டெனருடன் பாரிடோனும் இடம்பெற்றுவிட்டது. கருவிக்குக் கிடைத்த இடம் எங்கள் குழுவில் மனிதனுக்கு இன்னும் இல்லை.

இந்த டிசம்பரில் பேஸ் வரிசைக்கு மாறிவிட்டேன். ஹாண்டலின் ‘அல்லேலூயா’ கோரஸில் மற்றவர்கள் நிறுத்திக்கொள்ள, பேஸ் மட்டும் தனியே தொடங்கி, பின் டெனர், ஆல்ட்டோ, சோப்ரானோ என ஒவ்வொன்றாக வந்து சேரும் இடம் என் குரலுக்கு இதமாக இருக்கிறது. வேறு பாட்டுகளில் கீழ் எஃப் வரும்போது மட்டும், பக்கத்தில் நிற்கும் அண்ணனிடம் அதை ஒப்படைத்துவிட்டு வாயசைக்கிறேன்.