ஓட்டுநர் காலடியில் ஏழு விசைகள்

பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் விட்டுவிட்டால் எங்கள் பேருந்தில் ஓட்டுநரின் காலடியில் ஏழு விசைகள் இருக்கின்றன. நான்கு வட்டப் பொத்தான்கள், தட்டைத் தலையுள்ள ஓர் இரும்பு மிதி, ஒரு ரப்பர் குமிழ், இருக்கையின் அடியில் ஒரு நெம்புகோல். எதன் மீதும் ஓர் எழுத்துகூட இல்லை. நான்கு பொத்தான்களில் இரண்டு ஒட்டியபடி ஒரு ஜோடியாக இருக்கின்றன. ஒன்று இடது மூலையில் மேலே தனியாக இருக்கிறது. மற்றொன்று இடது குதிகால் படும் இடத்தில், விரிப்புக்கு அடியில் மறைந்து கிடந்தது. விரிப்பைக் கிழித்து எறிந்த பிறகே அப்படி ஒன்று இருப்பதே தெரிந்தது.

வண்டி 1970-களில் அமெரிக்காவில் ஓடிய நெடுந்தூரப் பேருந்து. பின்னால் டெட்ராய்ட் டீசல் 8வி-71 எஞ்சின், 24 வோல்ட் மின்சாரம். பின்னாளில் யாரோ பயணிகள் இருக்கைகளைக் கழற்றிவிட்டுப் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து வீடாக்கியிருக்கிறார். பட்டறைக் கையேடு கிடைத்தது. ஆனால் தரையைப் பொறுத்தவரை அது பாதி வழிதான் துணைக்கு வந்தது. இத்தகைய பேருந்துகளை வாங்கும் நிறுவனங்கள் தங்களுக்கு வேண்டிய வசதிகளைச் சொல்லிச் செய்து வாங்கும். பிறகு கை மாறும்போதெல்லாம் ஒவ்வொருவரும் தன் பங்குக்கு ஒரு துளை போடுவார். கையேட்டில் இருப்பது தொழிற்சாலை வாசலைத் தாண்டிய நாளின் வண்டி. நம் காலடியில் இருப்பது வேறு.

அமுக்கிப் பார்த்தால் தெரிந்துவிடப் போகிறது என்று பலர் சொன்னார்கள். எஞ்சின் ஓடும்போது அப்படிச் செய்யக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். 8வி-71 என்பது ஒரு சிலிண்டருக்கு 71 கன அங்குலம் வீதம் எட்டு சிலிண்டர் கொண்ட டூ-ஸ்ட்ரோக் டீசல். காற்றை உள்ளே தள்ள ஒரு புளோயர் உண்டு. அதன் சீல் தேய்ந்து எஞ்சின் ஆயில் காற்றோடு உள்ளே போனால், எஞ்சின் அந்த ஆயிலையே எரித்துக்கொண்டு கட்டுக்கடங்காமல் ஓடத் தொடங்கலாம். அப்போது டீசலை நிறுத்தினாலும் பயனில்லை, காற்றைத்தான் நிறுத்த வேண்டும். அதற்காகப் புளோயரின் வாயில் ஓர் அவசர மூடி உண்டு. அது விழுந்தால் பின்னால் போய்க் கையால் தூக்கி வைக்கும் வரை எஞ்சின் கிளம்பாது. எஞ்சின் வேகமாக ஓடும்போது அது விழுந்தால் புளோயர் சீல்களே கெட்டுப்போகக்கூடும். யாருக்கும் அடையாளம் தெரியாத ஒரு பொத்தான் அந்த மூடிக்குப் போகாது என்று யார் உறுதி தருவது? (பிறகு பார்த்ததில், அவசர நிறுத்தம் இடதுபுறப் பலகையில் ஒரு காப்பு மூடிக்குள் பத்திரமாக இருந்தது. ஆனால் அதைத் தெரிந்துகொண்டது பிறகுதான்.)

எனவே எஞ்சினை நிறுத்திவிட்டு அடியிலிருந்து பார்ப்பது என்று முடிவு செய்தோம். இங்கே ஒரு எச்சரிக்கை. இந்த வண்டி காற்றுப் பைகளின் மேல் நிற்கிறது. காற்று இறங்கினால், அல்லது உயரத்தைச் சரிசெய்யும் வால்வின் கம்பியில் கை பட்டால், உடல் சட்டென்று கீழே இறங்கும். அடியில் இருப்பவருக்கு நகர நேரம் கிடைக்காது. ஜாக்கியை மட்டும் நம்பாமல் சட்டத்துக்கு அடியில் உறுதியான தாங்கிகளும், சக்கரங்களுக்கு இருபுறமும் தடுப்புக் கட்டைகளும் வைத்த பிறகே வேலை. நல்லவேளையாக முன் பம்பருக்குப் பின்னால் உதிரிச் சக்கரம் வைக்கும் அறை ஒன்று உண்டு. சக்கரத்தை வெளியே இழுத்துவிட்டால் ஓட்டுநர் தரையின் அடிப்பக்கம் தலைக்கு மேலே தெரிகிறது. நான் அங்கே விளக்கோடு, தம்பி மேலே இருக்கையில்.

இரண்டு கேள்விகள் போதும் என்று தோன்றியது. அடியில் வருவது ஒயரா, டியூபா? அமுக்கினால் அங்கேயே நிற்கிறதா, திரும்பி வருகிறதா? இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்தாலே முக்கால்வாசி விடை கிடைத்துவிடுகிறது.

எளிதானவற்றை முதலில் முடித்தோம். ரப்பர் குமிழ் கண்ணாடி கழுவும் தண்ணீரைக் காலால் அடிக்கும் பம்பு. ரப்பர் வறண்டு வெடித்திருக்கிறது, தண்ணீர் டப்பாவையே காணவில்லை. நெம்புகோலிலிருந்து ஓர் இரும்புக் கேபிள் முன்னே போய், வெளிக்காற்றை ஹீட்டருக்குள் விடும் தகட்டை அசைக்கிறது. அவ்வளவுதான்.

இடது மூலையில் தனியாக இருந்த பொத்தானைத் தம்பி அமுக்கினான். 'டக்' என்று ஒரு சத்தம். “அண்ணா, உள்ளே ஏதோ பூட்டிக்கொள்வது போல இருக்கிறது” என்றான். அடியில் மூன்று முனைகள். மின்தொடர்பைக் காட்டும் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால், ஒரு முனையிலிருந்து மற்ற இரண்டில் ஒன்றுக்கு மட்டும் தொடர்பு. அடுத்த முறை அமுக்கினால் தொடர்பு மற்றதற்கு மாறுகிறது. ஹெட்லைட்டின் டிம்-பிரைட் சுவிட்சைத் தவிர இது வேறு எதுவாகவும் இருக்க முடியாது. பழைய அமெரிக்கக் கார்கள் பலவற்றிலும் அது தரையில்தான் இருந்தது. கைக்கு வேலை இல்லை என்பது நல்ல ஏற்பாடு. ஆனால் செருப்புச் சேறும் மழைத் தண்ணீரும் நேராக அதன் தலையில்தான் விழுகின்றன. எங்கள் சுவிட்சில் பிரைட் பக்கம் மீட்டர் காட்டிய எண் நிலையாக நிற்கவில்லை. உள்ளே துரு. ரிவெட் அடித்த பெட்டியைப் பிரிப்பதில் அர்த்தமில்லை, மாற்றிவிடலாம்.

இரும்பு மிதியின் அடியில் ஒயரே இல்லை, இரண்டு செம்பு டியூப்கள் மட்டும். அதாவது அது சுவிட்ச் அல்ல, வால்வு. ஒரு டியூப் காற்றுத் தொட்டிப் பக்கம் போகிறது, மற்றது முன் மூலையில் உள்ள ஹாரன் குழலுக்கு. மின்சார ஹாரன் ஸ்டியரிங்கின் நடுவில் இருக்கிறது. இது நெடுஞ்சாலைக்கான காற்று ஹாரன். எஞ்சினை ஓட்டித் தொட்டியில் சதுர அங்குலத்துக்கு 120 பவுண்டு ஏறியதும் நிறுத்திவிட்டுத் தம்பி மிதித்தான். சத்தம் வந்தது. காலை எடுத்த பிறகும் மெல்லிய சீறல் நிற்கவில்லை. சோப்புத் தண்ணீர் தடவியதும் வால்வின் கழுத்தில் நுரை பொங்கியது. நிறுத்தி வைத்தால் காற்று மெல்ல இறங்கிக்கொண்டிருந்ததன் காரணங்களில் ஒன்று இதுதான்.

காற்று ஏற்றியிருந்த வேளையில், காற்றழுத்தத்தால் இயங்கும் பிரேக்கையும் பார்த்துவிட்டோம். ஏழு விசைகளில் அது சேராது, என்றாலும் இதுவும் காலோடு தொடர்புடைய புதிர்தான். கை பிரேக் குமிழை உள்ளே தள்ளினாலும் வண்டி நகராது. பழைய வண்டி, ஏதோ சிக்கிக்கொண்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். இதில் இருப்பது டிடி-3 வகைப் பிரேக். நவீன லாரிகளில் உள்ளதைப் போல பிரேக்கைப் பிடித்து வைக்கும் ஸ்பிரிங் இதில் இல்லை. கை பிரேக் போட்டதும் சிறு உருளைகள் பிரேக்கைத் தள்ளும் தண்டைக் கவ்விப் பிடித்துக்கொள்கின்றன. குமிழைத் தள்ளினால் உருளைகள் விடுபட அனுமதி மட்டும் கிடைக்கிறது. கால் பிரேக்கை ஒருமுறை முழுதாக மிதித்தால்தான் தண்டு சற்று முன்னே போய் உருளைகள் விலகுகின்றன. குமிழைத் தள்ளு, பிரேக்கை மிதி, விடு, பிறகு கிளம்பு. வாங்கும்போது யாரும் சொல்லவில்லை. வண்டியை விற்பவர்கள் எல்லாரும் இந்த ஒன்றையாவது ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுக்கலாம்.

இப்போது ஜோடிப் பொத்தான்கள். இரண்டும் அமுக்கினால் திரும்பி வரும் வகை. மெயின் சுவிட்சைப் போட்டு இடதை அமுக்கியதும் இடது இண்டிகேட்டர்கள் முன்னும் பின்னும் மின்னின. காலை எடுத்ததும் நின்றுவிட்டன. வலதும் அப்படியே. ஸ்டியரிங் தண்டில் இண்டிகேட்டர் கம்பி ஒன்று ஏற்கெனவே நன்றாக வேலை செய்யும்போது காலிலும் எதற்கு? வட அமெரிக்க நகரப் பேருந்துகளில் இண்டிகேட்டர் இன்றும் காலில்தான். பெரிய ஸ்டியரிங்கை இரு கையாலும் பிடித்தபடியே திருப்பலாம். முன்பு வைத்திருந்தவர் நகரப் பேருந்து ஓட்டியவராக இருந்திருப்பார் என்பது என் ஊகம். பழகிய காலுக்கு வேறு எதுவும் பிடிக்காது.

ஆனால் நான் அடியில் பார்த்ததில் சுவாரசியமானது வேறு. வலது பொத்தானின் திருகு, தரையில் ரிவெட் அடித்து மூடிய ஒரு தகட்டைத் துளைத்துக்கொண்டு வந்திருந்தது. அந்தத் தகட்டுக்குப் பக்கத்தில் ஒரு மிதியின் அச்சு நின்ற தாங்கி வெட்டப்பட்ட நிலையில் இருக்கிறது. அது கிளட்ச் மிதியின் இடம். இப்போது வண்டியில் ஆட்டோமாட்டிக் கியர்பாக்ஸ். முன்பு கையால் மாற்றும் கியர் இருந்து, யாரோ பின்னர் மாற்றியிருக்கிறார். கிளட்ச் போய், இடது கால் ஓய்வு பெற்ற பிறகுதான் இந்த ஜோடி வந்திருக்கிறது. ஒயர்களும் அதையே சொல்கின்றன. ஜோடிக்கு வருவது புதிய பிளாஸ்டிக் உறை போட்ட ஒயர், டிம் சுவிட்சுக்குப் போவது துணி நாடா சுற்றிய பழைய கட்டு.

விரிப்புக்கு அடியில் கிடந்த நான்காவது பொத்தானிலும் அதே பழைய துணி நாடா. எனவே இது கிளட்ச் காலத்துச் சாமான். திரும்பி வரும் வகை. மெயின் சுவிட்சைப் போட்டு அமுக்கினோம், எதுவும் நடக்கவில்லை. பொதுவாக இந்த இடத்தில் பலரும் ஒயரை வெட்டி டேப் சுற்றிவிடுவார்கள். எனக்கு மனம் வரவில்லை.

ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். முதலில் அது வெட்டப்பட்ட கிளட்ச் தாங்கிக்குப் போய், அங்கே ஒரு சிறு சுவிட்சை மாட்டும் தகட்டருகே அறுந்து நிற்கிறது. தகடு இருக்கிறது, சுவிட்ச் இல்லை. சற்றுத் தள்ளி மறு முனை தொடங்கி, ஆக்சிலரேட்டர் மிதியின் இணைப்புத் தண்டுக்குப் போகிறது. அங்கே விரல் நுனி அளவு மைக்ரோ சுவிட்ச் ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது. அதிலிருந்து கிளம்பி நேராகப் பின்பக்கம். அறுந்த இடத்தை ஒரு துண்டு ஒயரால் இணைத்து, மீட்டரை வைத்துக்கொண்டு தம்பியை ஆக்சிலரேட்டரை மிதிக்கச் சொன்னேன். மிதித்தால் தொடர்பு அறுகிறது, காலை எடுத்தால் சேர்கிறது.

அப்போதே பாதி தெரிந்துவிட்டது. ஆக்சிலரேட்டரில் கால் இருக்கக்கூடாது, கிளட்ச் தொடர்பும் இதில் சேர்ந்திருக்கிறது, பிறகுதான் பொத்தான் வேலை செய்யும். இப்படி நிபந்தனை போடும் சாமான் எஞ்சின் பிரேக்தான். மலையிறக்கத்தில் வண்டியைப் பிடிக்க, எஞ்சின் காற்றை அழுத்தி முடிக்கும் தருணத்தில் எக்ஸாஸ்ட் வால்வுகளைத் திறந்து அந்த அழுத்தத்தை வெளியே விட்டுவிடும் கருவி. எஞ்சின் அப்போது சக்கரங்களின் வேகத்தைத் தின்னும் ஒரு கம்ப்ரஸராக மாறிவிடுகிறது. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது அது இயங்கினால் எஞ்சின் தன்னோடு தானே மல்லுக்கட்டும். கிளட்ச் மிதித்திருக்கும்போது இயங்கினால் சக்கரத்தின் துணை இல்லாமல் எஞ்சின் நின்றே போகும். அதனால்தான் இரண்டு சுவிட்சுகள் வரிசையாக.

பின்னால் எஞ்சின் அறையில் அந்த ஒயர் இரண்டாகப் பிரிந்து, வி வடிவ எஞ்சினின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு முனையாக வந்து, தொப்பி போட்டு மூடப்பட்டிருந்தது. எஞ்சின் பிரேக்கின் பெட்டிகள் வால்வு மூடிகளுக்கு அடியில் உட்காரும். அதற்கு உயரமான மூடிகள் வேண்டும், அல்லது இடையே உயரம் கூட்டும் சட்டம் வேண்டும். எங்கள் எஞ்சினில் இருப்பவை சாதாரணக் குட்டை மூடிகள். ஆக, பொத்தான் இருக்கிறது, ஒயர் இருக்கிறது, கருவி இல்லை. கியர்பாக்ஸோடு எஞ்சினையும் மாற்றியிருக்கலாம், அல்லது பழுது பார்த்தபோது கழற்றி விற்றிருக்கலாம்.

கருவி பழைய சந்தையில் கிடைத்தால் திரும்பப் பொருத்த எனக்கு ஆசைதான். கியர்பாக்ஸ் இப்போது ஆட்டோமாட்டிக் என்பதால் கிளட்ச் சுவிட்சின் இடத்தில் வேறொரு பாதுகாப்பு வேண்டியிருக்கும். அதற்குள் இப்போது இறங்கப் போவதில்லை. பொத்தானைக் கழற்றவில்லை. அதன் ஃபியூஸை எடுத்துவிட்டு, எல்லா முனைகளிலும் “எஞ்சின் பிரேக், கருவி இல்லை” என்று சீட்டுக் கட்டிவிட்டோம். ஏழு விசைகளும் எங்கே இருக்கின்றன, எந்த ஒயர் எங்கே போகிறது என்று ஒரு படம் வரைந்து மின்பலகைக் கதவின் உள்பக்கம் ஒட்டியாயிற்று. தம்பிக்கு இன்னும் ஜோடிப் பொத்தான்களின் மேல்தான் கண். ஸ்டியரிங் கம்பியைத் தொடாமல் காலாலேயே இண்டிகேட்டர் போட்டுப் பழகிக்கொண்டிருக்கிறான். அடுத்து ஹாரன் வால்வுக்கு ரப்பர் சீல்கள் மாற்ற வேண்டும், பிறகு டிம் சுவிட்ச். கண்ணாடி கழுவும் பம்புக்கு மட்டும் காலை விட்டுவிட்டு, 24 வோல்ட் மோட்டார் வைப்பதாக இருக்கிறேன்.